வாதாடாமல் பேசுவது

ஏலூரில் ஒருவர் "ஆத்துத் தண்ணியில விஷம் கலந்திருக்கு" என்று சொன்னால், அதை நோய் அறிகுறி என்று எந்த மருத்துவரும் எழுதிவிட முடியாது. கொச்சிக்கு அருகே, பெரியாற்றின் இரண்டு கிளைகளுக்கு நடுவில் இருக்கும் தீவு அது. திருச்சியின் சேஷசாயி சகோதரர்கள் 1943இல் நிறுவிய ஃபாக்ட் உர ஆலை அங்கே 1947இல் உற்பத்தியைத் தொடங்கியது. பின்னாலேயே அரிய மண் உலோக ஆலை வந்தது, காஸ்டிக் சோடா ஆலை வந்தது, டி.டி.டி. தயாரித்த இந்துஸ்தான் இன்செக்டிசைட்ஸ் வந்தது. குழிக்கண்டம் தோட்டின் சேற்றில் டி.டி.டி. எச்சம் இருப்பதைச் சுற்றுச்சூழல் ஆய்வுகள் காட்டின. 2024 மே மாதம் பாதாளம் ரெகுலேட்டருக்குக் கீழே ஆற்றில் மீன்கள் கூட்டம் கூட்டமாகச் செத்து மிதந்ததை நாடே பார்த்தது.

அதே ஊரில் ஓய்வுபெற்ற ஆலைத் தொழிலாளி ஒருவர் வேறு விதமாகப் பேசத் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். "அந்த விஷத்தைக் கலந்தது நான்தான். ஒரு நைட் ஷிஃப்ட்ல வால்வைத் திறந்துவிட்டேன். இந்த ஊர்ல எந்தக் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தாலும் அது என்னாலதான். போலீஸ் வரும். எனக்குச் சோறு போடாதீங்க, அந்தப் பாவம் உங்களுக்கும் ஒட்டும்." சாப்பாடு பாதியாகி, பிறகு நின்றுபோகிறது. விடியற்காலை 2 மணிக்கு விழித்தவர் மறுபடி தூங்குவதில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் வர அரை நிமிடம் ஆகிறது. அவரைத் திட்டி ஒரு குரல் கேட்கிறது. அது வேறு யாருக்கும் கேட்பதில்லை. இவர் இந்தக் கட்டுரைக்காக நான் உருவாக்கிய மனிதர். ஆனால் அவரிடம் இருப்பவை எல்லாம் பாடநூல்களும் மருத்துவமனை வார்டுகளும் நன்கறிந்த அறிகுறிகள். மனப்பிறழ்வோடு கூடிய கடும் மனச்சோர்வு என்று இதைச் சொல்வார்கள்.

அந்த முதல் ஆளுக்கும் இந்த இரண்டாம் ஆளுக்கும் உள்ள வேறுபாட்டை, சொல்வது உண்மையா பொய்யா என்பதை மட்டும் வைத்துப் பிடிக்க முடியாது. ஆற்றில் விஷம் கலந்தது உண்மைதான். இவர் வால்வைத் திறந்திருக்கவும் கூடும். நோய் வேறோர் இடத்தில் இருக்கிறது. ஊரின் கேடு முழுவதும் ஒரே ஆளின் தலையில் வந்து இறங்குகிறது. எந்தச் சான்றைக் காட்டினாலும் நம்பிக்கை தளர்வதில்லை. தண்டனை நிச்சயம் என்றாகிறது. அதைத் தானே நிறைவேற்றிக்கொள்வதுதான் நியாயம் என்றும் ஆகிவிடுகிறது. கூடவே உறக்கம், பசி, நடை, பேச்சு எல்லாம் மந்தமாகின்றன. இப்படிச் சான்றுக்கு அசையாத உறுதியைப் பிறழ்நம்பிக்கை என்பார்கள். மனச்சோர்வில் அது பெரும்பாலும் குற்றம், வறுமை, நோய், அழிவு என்ற நான்கு வழிகளில்தான் போகும். "எல்லாச் சொத்தும் போச்சு, நாளைக்குச் சோத்துக்கு வழியில்லை" என்பார், வங்கியில் பணம் இருக்கும். "குடலெல்லாம் அழுகிடுச்சு" என்பார், ஸ்கேனில் ஒன்றும் இருக்காது. தனக்கு மூளையும் குடலும் இல்லை, எனவே உணவே தேவையில்லை என்று நம்பிய ஒரு பெண்ணைப் பற்றி 1880இல் பிரெஞ்சு மருத்துவர் ஜூல் கோட்டார் விவரித்தார். அவ்வகை நோய்நிலைக்கு இன்றும் அவர் பெயர்தான்.

இது அபூர்வமான நோயும் அல்ல. ஐரோப்பாவில் 18,980 பேரிடம் நடத்தி 2002இல் வெளியான கணக்கெடுப்பில், கடும் மனச்சோர்வின் வரையறைக்குள் வந்தவர்களில் 18.5 சதவீதம் பேருக்கு மனப்பிறழ்வு அறிகுறிகளும் இருந்தன. மக்கள்தொகையில் ஆயிரத்துக்கு 4 பேர். அப்படியும் இது கண்ணில் படாமல் நழுவுகிறது. அமெரிக்காவின் நான்கு பல்கலைக்கழக மருத்துவமனைகளில் அந்தோணி ராத்ஸ்சைல்டு குழு 2008இல் சரிபார்த்தபோது, இந்நோயாளிகளில் 27 சதவீதம் பேருக்குத் தொடக்கத்தில் வேறு பெயர் எழுதப்பட்டிருந்தது. காரணம் எளிது: பிறழ்நம்பிக்கை உள்ளவர் பலர் அதை வெளியே சொல்வதில்லை. செய்த பாவத்தை யார் வாய்விட்டுச் சொல்வார்கள்? மருத்துவர் கேட்காவிட்டால் பெரும்பாலும் அது வெளிவருவதே இல்லை.

இந்நோய்க்குப் பேச்சு சிகிச்சை, நம் வழக்கில் கவுன்சலிங், பயன்படுமா என்பதுதான் என் கேள்வி. இரண்டு பதில்கள் புழக்கத்தில் இருக்கின்றன. "நல்லா நாலு வார்த்தை எடுத்துச் சொன்னா தெளிஞ்சிடும்" என்பது வீட்டார் பதில். "இது மூளையில வர்ற கோளாறு, பேசி என்ன ஆகப்போகுது, மாத்திரை குடுங்க" என்பது நெரிசல் மிகுந்த ஓ.பி.யின் பதில். இரண்டும் தவறு என்று நினைக்கிறேன். முதலாவது உயிரைக் கொல்லக்கூடிய தவறு, அதனால் அதிலிருந்து தொடங்குகிறேன்.

1979 ஜனவரியில் ரஃபேல் ஓஷெராஃப் என்ற 41 வயது சிறுநீரக மருத்துவர் அமெரிக்காவின் மேரிலாந்தில் இருந்த செஸ்ட்நட் லாட்ஜ் மனநல மருத்துவமனையில் சேர்ந்தார். உளப்பகுப்பாய்வு வழியில் பேச்சு சிகிச்சைக்குப் பெயர்போன இடம் அது. அவருடைய ஆளுமையில்தான் கோளாறு, ஆழ்ந்து பேசி அதைச் சீரமைக்க வேண்டும் என்று மருத்துவர்கள் முடிவு செய்தார்கள். மருந்து தரவில்லை. 7 மாதங்கள் போயின. எடை ஏறத்தாழ 18 கிலோ குறைந்தது. உறக்கம் போயிற்று. நடையை நிறுத்த முடியாமல் தாழ்வாரத்தில் நடந்து நடந்தே பாதங்கள் கொப்பளித்துப் போயின. குடும்பத்தார் அவரைக் கனெக்டிகட்டில் உள்ள சில்வர் ஹில் மருத்துவமனைக்கு மாற்றினார்கள். மனப்பிறழ்வுடன் கூடிய மனச்சோர்வு என்று அங்கே கண்டு, மனச்சோர்வு மருந்தையும் மனப்பிறழ்வு மருந்தையும் சேர்த்துக் கொடுத்தார்கள். 3 வாரத்தில் தேறத் தொடங்கினார், 3 மாதத்துக்குள் வீடு திரும்பினார். பிறகு அவர் தொடுத்த வழக்கு 1987இல் சமரசத்தில் முடிந்தது. தீர்ப்பு வராவிட்டாலும் அதன் தாக்கம் பெரிது. பயன் நிரூபிக்கப்பட்ட சிகிச்சையைப் பெறுவது நோயாளியின் உரிமை என்று ஜெரால்டு கிளெர்மன் 1990இல் இவ்வழக்கை முன்வைத்து எழுதினார். எந்தச் சிகிச்சை சரி என்று முடிவு செய்வது நீதிமன்றத்தின் வேலையல்ல என்று ஆலன் ஸ்டோன் எதிர்வாதம் வைத்தார்.

செஸ்ட்நட் லாட்ஜில் இருந்தவர்கள் அக்கறையற்றவர்கள் அல்லர். நாள் தவறாமல் உட்கார்ந்து கேட்டார்கள். தூங்காத, உண்ணாத, உடலே நிலைகொள்ளாத ஒருவரிடம் ஆழ்ந்த பேச்சை மட்டுமே தொடர்ந்தார்கள் என்பதுதான் பிழை. நம் ஊரில் இது நேர்வதற்கு உளப்பகுப்பாய்வுகூடத் தேவையில்லை. 'கவுன்சலர்' என்று யார் வேண்டுமானாலும் பலகை மாட்டிக்கொள்ளலாம் என்ற நிலை இருக்கும்வரை, வாரம் ஒரு அமர்வு என்று பணம் வாங்கிக்கொண்டு இப்படிப்பட்டவரை மாதக்கணக்கில் வைத்திருப்பது எளிது. மருத்துவ உளவியலாளர் என்று பணிபுரிய இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு வேண்டும். வீட்டார் அந்தப் பதிவைக் கேட்டுப் பார்ப்பதில் தவறே இல்லை.

மருந்தும் மின்சிகிச்சையும் முதலில் வரவேண்டும் என்பதற்கான சான்று வலுவானது. ஸ்டாப்-பி.டி. என்ற ஆய்வு 2009இல் வெளியானது. 259 பேர் பங்கேற்றார்கள். ஒலன்சபின் என்ற மனப்பிறழ்வு மருந்தோடு செர்ட்ரலின் என்ற மனச்சோர்வு மருந்தைச் சேர்த்தவர்களில் 41.9 சதவீதம் பேர் 12 வாரத்தில் குணநிலையை எட்டினார்கள். ஒலன்சபினோடு வெற்று மாத்திரை எடுத்தவர்களில் அது 23.9 சதவீதம்தான். மின்சிகிச்சையின் கணக்கு இன்னும் வியப்பானது. அமெரிக்க மருத்துவமனைகள் சில சேர்ந்து நடத்தி 2001இல் வெளியிட்ட, 253 பேர் பங்கேற்ற ஆய்வில், சிகிச்சையை முழுமையாக முடித்தவர்களுள் மனப்பிறழ்வு உள்ளவர்களில் 95 சதவீதமும் அது இல்லாதவர்களில் 83 சதவீதமும் குணமடைந்தார்கள்.

'கரண்ட் வைக்கிறது' என்றதும் நம் குடும்பங்கள் பதறுவதில் நியாயம் உண்டு. திரைப்படங்கள் காட்டிய காட்சி அப்படி. பல காலம் மயக்க மருந்தில்லாமலும் அது கொடுக்கப்பட்டிருக்கிறது. 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 95ஆம் பிரிவு, மயக்க மருந்தும் தசைத் தளர்வு மருந்தும் இல்லாமல் மின்சிகிச்சை கொடுப்பதைத் தடை செய்துவிட்டது. இன்று நோயாளி சில நிமிடங்கள் உறங்கி எழுகிறார். சிகிச்சையை ஒட்டிய நாட்களின் நினைவில் சில மங்கலாம். அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். வாயில் தண்ணீர்கூட வாங்காத ஒரு முதியவருக்கு, மருந்து வேலை செய்யக் காத்திருக்கும் வாரங்களைவிட இது பாதுகாப்பானது.

சரி, மருந்தும் மின்சிகிச்சையும் இவ்வளவு செய்யும்போது பேச்சுக்கு என்ன மிச்சம்? ஆராய்ச்சியிடம் கேட்டால் மெலிந்த பதில்தான் கிடைக்கும். மனச்சோர்வுக்கான பேச்சு சிகிச்சையை நிலைநிறுத்திய பெரிய ஆய்வுகள் மனப்பிறழ்வு உள்ளவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டன. அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனம் 1980களில் 250 பேரைக் கொண்டு நடத்திய புகழ்பெற்ற ஒப்பீட்டு ஆய்விலும், 4,041 பேர் பங்கேற்ற ஸ்டார்-டி ஆய்விலும் அவர்களுக்கு இடமில்லை. இந்நோய்க்கென்றே ஒரு பேச்சு சிகிச்சையை வகுத்துப் பார்த்தவர் பிரவுன் பல்கலைக்கழகத்தின் பிராண்டன் காடியானோ. எண்ணத்தோடு மல்லுக்கட்டாமல், அது எண்ணம்தான் என்று கண்டு, அது இருக்கும்போதே வாழ்க்கைக்கு வேண்டிய செயலைச் செய்யப் பழகுவது அவர் முறை. மருந்தோடு சேர்த்து அதைக் கொடுத்தபோது முடிவு நம்பிக்கையளித்தது. ஆனால் 2013இலும் 2015இலும் வெளியான அவருடைய இரு ஆய்வுகளிலும் சேர்த்து 30 பேர்கூட இல்லை. இவ்வளவு ஆபத்தான நோயில் இவ்வளவு சிறிய சான்று என்பது ஆராய்ச்சி உலகம் வெட்கப்பட வேண்டிய செய்தி. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2022இல் வெளியிட்ட வழிகாட்டி, தீவிரமான மனப்பிறழ்வு அறிகுறிகள் குறைந்த பிறகு உளவியல் சிகிச்சை கிடைக்க வழிசெய்ய வேண்டும் என்கிறது. முறையான, அமர்வு அமர்வாக நடக்கும் சிகிச்சைக்கு அது சரி. ஆனால் பேச்சின் வேலை அதற்கு முன்பே, முதல் நாளே தொடங்கிவிடுகிறது.

ஏலூர்க்காரரை அவர் மனைவியும் மகளும் பக்கத்து ஊரான களமசேரியின் அரசு மருத்துவக் கல்லூரிக்கு அழைத்து வருகிறார்கள் என்று கொள்வோம். வழியெல்லாம் மகள் வாதாடிக்கொண்டே வந்திருப்பாள்: "அப்பா, நீங்க எந்தத் தப்பும் பண்ணல. கம்பெனியில மெடல் குடுத்தாங்களே, மறந்துட்டீங்களா?" அன்பிலிருந்து வரும் வாதம்தான். அவர் காதில் அது வேறு மாதிரி விழுகிறது: 'இவளுக்கு உண்மை தெரியாது. தெரிந்தால் தாங்க மாட்டாள். இனி இவளிடம் சொல்லக் கூடாது.' வாதம் நம்பிக்கையை அசைப்பதில்லை. வாயை மட்டும் அடைத்துவிடுகிறது. வாய் அடைபட்டவர் மனதில் சாகும் எண்ணம் இருந்தால் அதுவும் உள்ளேயே தங்கிவிடும். வாதாடக் கூடாது என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டாம்.

அதற்காக ஆமாம் போடுவதும் உதவாது. 1993இல் வந்த 'மணிச்சித்திரத்தாழ்' மலையாளப் படமும் அதன் வழியில் 2005இல் வந்த 'சந்திரமுகி'யும் மனநல மருத்துவரை நம் மக்களுக்கு மிக நெருக்கமாக்கின. அதற்காக அவற்றை மதிக்கிறேன். ஆனால் நோயாளியின் நம்பிக்கைக்குள் புகுந்து, அதை நாடகமாக நடித்து முடித்தால் குணமாகிவிடும் என்ற எண்ணத்தையும் அவை விதைத்தன. குற்றப் பிறழ்நம்பிக்கையில் இதைச் செய்து பார்த்த குடும்பங்களுக்குத் தெரியும். "பரிகாரம் பண்ணியாச்சு, மன்னிப்பு கிடைச்சாச்சு" என்றால் அன்று மாலைவரை தெம்பு இருக்கும். மறுநாள் பரிகாரத்தில் குறை கண்டு புதிய குற்றம் முளைத்திருக்கும்.

மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. அது இப்படி நடக்கும்:

"நீங்க ஒண்ணும் பண்ணலேன்னு நான் சொன்னா நம்புவீங்களா, ஐயா?"

"மாட்டேன்."

"சரி, அந்தப் பேச்சை இப்ப விட்டுடலாம். ராத்திரி எத்தனை மணிக்கு முழிப்பு வருது?"

"ரெண்டு மணி."

"அந்த நேரத்துலதான் இந்த நினைப்பு ரொம்ப வாட்டுமா?"

நீண்ட மௌனம். "ஆமா. விடியறதுக்குள்ள செத்துடணும்னு தோணும்."

"எப்படின்னு யோசிச்சு வெச்சிருக்கீங்களா?"

இவ்வளவுதான். ஐந்து நிமிடம்கூட ஆகாது. குற்றம் நடந்ததா என்பதைத் தள்ளி வைத்துவிட்டு வேதனையைக் கேட்டதும் கதவு திறந்தது. உயிருக்கு என்ன ஆபத்து என்பது தெரிந்துவிட்டது. இனி, "அந்த ரெண்டு மணிக்கு உங்களைத் தூங்க வைக்க என்னால முடியும், அதுக்கு மட்டும் மாத்திரை தர்றேன், எடுத்துக்குவீங்களா?" என்று கேட்கலாம். குற்றவாளிக்கு மருந்து எதற்கு என்று எல்லா மாத்திரையையும் மறுப்பவர், தூக்கத்துக்கு என்றால் ஒப்புக்கொள்ள இடமுண்டு. இதில் பொய்யில்லை, ஒலன்சபின் உறக்கத்தையும் தரும். மற்ற வேலைகளைப் பற்றி அவர் கேட்கும்போது மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ஏமாற்றிக் கொடுத்த மாத்திரை தெரியவரும் நாளில், எல்லாரும் சேர்ந்து தன்னைத் தண்டிக்கிறார்கள் என்ற நம்பிக்கைக்கு அதுவே சான்றாகிவிடும்.

மருந்து பிடிக்கத் தொடங்கிய பின் பிறழ்நம்பிக்கை ஒரே நாளில் மறைவதில்லை. முதலில் உறக்கம் திரும்பும், பிறகு பசி. அப்புறம் ஒரு நாள், "சில நேரம் அப்படித் தோணுது, சில நேரம் நானே சும்மா நினைச்சுக்கறேனோன்னு இருக்கு" என்பார். சான்றை எடைபோடும் பேச்சுக்கு அதுதான் வேளை. அறிவாற்றல் சிகிச்சையின் தந்தை ஆரோன் பெக் 1952இல் எழுதிய, அவருடைய தொடக்க காலக் கட்டுரைகளில் ஒன்று, குற்றவுணர்வில் வேரூன்றிய பிறழ்நம்பிக்கை கொண்ட ஒரு நோயாளியைப் பற்றியது. அந்த நம்பிக்கை முளைப்பதற்கு முன் அவர் வாழ்க்கையில் என்ன நடந்தது என்று பெக் பொறுமையாகத் தேடிப்போனார். அது மனச்சிதைவு நோயாளியின் கதை. ஆனாலும் அந்தத் தேடல் இங்கும் பொருந்தும். ஏலூர்க்காரருக்கு ஓய்வூதியம் குறித்த கவலை வந்தது எப்போது? உடன் வேலை செய்த நண்பர் புற்றுநோயில் இறந்தது எப்போது? செத்த மீன்களை டி.வி.யில் பார்த்தது எப்போது?

அவர் தெளிந்த பிறகும் ஆறு அப்படியேதான் ஓடும். அவர் அந்த ஆலையில் 30 ஆண்டு வேலை செய்ததும் உண்மையாகவே நிற்கும். "எல்லாம் உங்க கற்பனை" என்று சொல்லும் சிகிச்சையாளர், நோயோடு சேர்த்து ஒரு மனிதரின் மனச்சாட்சியையும் துடைத்துப்போடப் பார்க்கிறார். அறிவாற்றல் சிகிச்சையில் இதற்கு ஓர் எளிய பயிற்சி உண்டு. ஒரு தாளில் வட்டம் வரைந்து, நடந்ததற்குக் காரணமான எல்லாருக்கும் அவரவர் பங்கை அவரையே வெட்டிக் கொடுக்கச் சொல்வது. கழிவுக் குழாயை ஆற்றில் விடத் தீர்மானித்தது யார்? அனுமதி வழங்கியது யார்? சோதிக்க வேண்டிய அலுவலகம் எது? லாபம் யாருக்குப் போயிற்று? ஷிஃப்ட் இன்சார்ஜ் என்ன உத்தரவு போட்டார்? எல்லாரும் எடுத்துக்கொண்ட பின் கடைசியாகத் தன் பங்கை அவர் வரைய வேண்டும். ஒரு மெல்லிய கீற்று மிஞ்சலாம், ஒன்றுமே மிஞ்சாமலும் போகலாம். அந்தக் கீற்றோடு ஒரு மனிதர் வாழ முடியும். ஊர்க்கூட்டத்துக்குப் போய் ஆற்றுக்காக ஒரு வார்த்தை பேசவும் முடியும். இந்தப் பயிற்சியை ஏலூரை அறிந்த ஒருவர்தான் ஒழுங்காகச் செய்யவைக்க முடியும். உளசிகிச்சையாளருக்கு ஊர் தெரிந்திருக்க வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

நம் மண்ணில் குற்றவுணர்வு எப்படி உருவெடுக்கிறது என்பதை மதுரையிலிருந்து ஒருவர் கூர்ந்து கவனித்தார். மதுரை மருத்துவக் கல்லூரியில் மனநலத் துறையை வளர்த்த ஏ. வெங்கோபராவ், இந்தியப் பண்பாட்டில் மனச்சோர்வும் குற்றவுணர்வும் குறித்து இந்திய மனநல இதழில் 1973இல் எழுதினார். கீழைநாட்டாரின் மனச்சோர்வில் குற்றவுணர்வு அரிது என்ற பேச்சு மேற்கே வெகுநாள் இருந்தது. இங்கே அது கர்மத்தோடும் முன்வினையோடும் பின்னிக்கிடப்பதைக் காணாமல் அப்படிச் சொல்லிவிட முடியாது. "போன ஜென்மத்துல என்ன பாவம் பண்ணேனோ" என்று சாதாரணமாகச் சொல்வது நம் பேச்சில் ஆறுதல். அதே சொல்லை ஒருவர் உண்ணாமல், கண்ணிமைக்காமல், தண்டனையின் தேதியோடு சொன்னால் அது நோய். இவ்விரண்டையும் பிரித்தறிய, மொழிபெயர்த்த கேள்வித்தாளை மட்டும் நம்பியிருக்க முடியாது.

குடும்பத்தைச் சிகிச்சைக்குள் கொண்டுவந்ததிலும் தமிழ்நாட்டுக்கு முன்னோடி வரலாறு உண்டு. வேலூர் சி.எம்.சி.யின் மனநல மையம் 1957இல் பாகாயத்தில் தொடங்கியது. நோயாளியோடு வீட்டார் ஒருவர் கூடவே தங்குவது அங்கே ஏற்பாடு. மேல்நாட்டு மருத்துவமனைகள் குடும்பத்தை வாசலில் நிறுத்தியிருந்த காலம் அது. நம் கதையின் மனைவிக்கும் மகளுக்கும் இப்படித் தங்கும் நாட்களில் சொல்லித்தர வேண்டியவை அதிகமில்லை. வாதாட வேண்டாம், ஒத்துக்கொள்ளவும் வேண்டாம். "உங்களுக்கு எவ்வளவு கஷ்டமா இருக்குன்னு தெரியுது" என்று சொன்னால் போதும். விடியற்காலையில் தனியே விடக் கூடாது. பூச்சிமருந்தும் கயிறும் மாத்திரைப் பெட்டியும் கைக்கு எட்டக் கூடாது. குணமான பின், நோய் தொடங்கியபோது முதலில் என்ன மாறியது என்று எல்லாரும் உட்கார்ந்து எழுதிவைக்க வேண்டும். இவர் வீட்டில் அது 2 மணி விழிப்பாக இருக்கலாம், இன்னொருவர் வீட்டில் கடன் கணக்கைத் திரும்பத் திரும்பக் கேட்பதாக இருக்கலாம்.

அந்தத் தாள் ஏன் முக்கியம் என்பதற்கு ஸ்டாப்-பி.டி.யின் தொடர் ஆய்வு பதில் தருகிறது. குணமாகி நிலைத்த 126 பேரில் ஒரு சாராருக்கு ஒலன்சபினைத் தொடர்ந்து, மறு சாராருக்கு அதை விலக்கி வெற்று மாத்திரை கொடுத்து, 36 வாரம் பார்த்து 2019இல் வெளியிட்டார்கள். தொடர்ந்தவர்களில் 20.3 சதவீதம் பேருக்கு நோய் திரும்பியது, நிறுத்தியவர்களில் 54.8 சதவீதம் பேருக்கு. மருந்தைத் தொடர்வதற்கும் விலை உண்டு, எடை கூடும், சர்க்கரையைக் கவனிக்க வேண்டும். எப்போது குறைப்பது, யார் கண்காணிப்பது என்பதை நோயாளியோடு பேசித் தீர்மானிப்பதும் பேச்சு சிகிச்சையின் வேலைதான். குணமானவர் சந்திக்கும் வெட்கமும் அதே மேசைக்கு வர வேண்டும். "ஊர் முழுக்க நான் பேசினது தெரியுமே, எப்படி டீக்கடைக்குப் போவேன்?" என்ற கேள்விக்கு எந்த மாத்திரையிலும் பதில் இல்லை.

ஏலூரிலிருந்து பல குடும்பங்கள் களமசேரிக்கு முன் சோற்றானிக்கரைக்குப் போயிருக்கும். பகவதி கோயிலின் கீழ்க்காவில் இரவு நடக்கும் குருதி பூசையும், பேய் விலகவேண்டி ஆணி அடிக்கப்பட்ட மரமும் தமிழ்நாட்டிலும் பெயர்போனவை. இதை ஏளனம் செய்ய எனக்கு மனமில்லை. திண்டுக்கல் வட்டாரத்தின் முத்துசாமி கோயிலில் தங்கிய 31 பேரை பெங்களூர் நிம்ஹான்ஸ் ஆய்வாளர் ரகுராமின் குழு கவனித்து 2002இல் எழுதியது. சில வாரத் தங்கலிலேயே அவர்களின் அறிகுறி மதிப்பெண் ஏறத்தாழ 20 சதவீதம் குறைந்திருந்தது. அடியும் விலங்கும் இல்லாத, வேலையும் துணையும் உள்ள ஓரிடம் மனதுக்கு மருந்துதான். ஆனால் அந்த 31 பேரில் பெரும்பாலோர் மனச்சிதைவு நோயாளிகள். உண்ண மறுக்கும் மனச்சோர்வு நோயாளிக்கு வாரக்கணக்கில் காத்திருக்க நேரமில்லை. 2001 ஆகஸ்டு 6 அன்று ஏர்வாடி தர்காவை ஒட்டி, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் இறந்த பிறகு, தர்காவிலேயே மருந்தும் பிரார்த்தனையும் சேர்ந்து கிடைக்க ஏற்பாடு வந்தது. சோற்றானிக்கரைக்குப் போகிறவர்களிடமும் போகாதே என்று சொல்ல வேண்டியதில்லை. மாத்திரையை நிறுத்தாமல் போ, சாப்பிட மறுத்தால் அன்றைக்கே திரும்பி வா என்று சொன்னால் கேட்பார்கள்.

இந்த வேலையை யார் செய்வது என்பதுதான் பெரிய முட்டுக்கட்டை. 2015-16இல் நிம்ஹான்ஸ் 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, அவற்றுள் மேலான நிலையில் இருந்த கேரளத்திலும் லட்சம் பேருக்கு 1.2 மனநல மருத்துவர்தான். மனச்சோர்வு உள்ளவர்களில் சுமார் 85 சதவீதம் பேருக்குச் சிகிச்சையே எட்டவில்லை. ஒவ்வொருவருக்கும் வாரம் ஒரு மணி நேரம் உளவியலாளர் என்பது இந்தக் கணக்கில் நடக்காது. ஆனால் கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் விக்ரம் படேல் குழு, மனநலத் துறைப் பட்டம் பெறாத ஆலோசகர்களைப் பயிற்றுவித்து 6 முதல் 8 அமர்வுகளில் கடும் மனச்சோர்வு உள்ளவர்களை மீண்டும் செயலுக்குக் கொண்டுவந்தது. 2017இல் வெளியான முடிவில், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 39 சதவீதமும் இந்த அமர்வுகளும் பெற்றவர்களில் 64 சதவீதமும் குணநிலையை எட்டினார்கள். அது மனப்பிறழ்வுக்காக வகுத்த சிகிச்சை அல்ல. ஆனாலும் மருந்தால் பிறழ்நம்பிக்கை தணிந்த பின், வீட்டுக்குள் முடங்கியவரை மறுபடி நடைக்கும் கடைக்கும் கோயிலுக்கும் கொண்டுவர அந்த அளவு பயிற்சி பெற்றவர் போதும் என்பது என் கணிப்பு. சென்னையின் ஸ்கார்ஃப் அமைப்பும் பங்கேற்று 2014இல் வெளியான ஆய்வில், இதைவிடக் கடினமான மனச்சிதைவு நோயாளிகளின் வீடுகளுக்கே சமூக ஊழியர்கள் போய் வந்தார்கள்.

கேரளத்தின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் 'ஆஸ்வாசம்' என்ற திட்டத்தின்கீழ் செவிலியர்கள் பி.எச்.க்யூ-9 என்ற 9 கேள்விகளைக் கேட்டு மனச்சோர்வைக் கண்டுபிடிக்கிறார்கள். அதன் ஆறாவது கேள்வி, தன்னைத் தோற்றுப்போனவர் என்றோ குடும்பத்தைக் கைவிட்டவர் என்றோ ஒருவர் எண்ணுகிறாரா என்று கேட்கிறது. 'ஏறக்குறைய தினமும்' என்று பதில் வந்தால் 3 மதிப்பெண் போட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறோம். அங்கே ஒரு நிமிடம் நின்று இன்னும் இரண்டு கேள்விகளைச் சேர்க்க வேண்டும் என்பது என் கோரிக்கை. தமிழ்நாட்டின் மாவட்ட மனநலத் திட்டத்துக்கும் சேர்த்துத்தான் கேட்கிறேன். "அதுக்கு என்ன தண்டனை வரும்னு நினைக்கிறீங்க?" என்பது ஒன்று. "அதைப் பத்தி யாராவது பேசற மாதிரி காதுல கேக்குதா?" என்பது மற்றொன்று. தண்டனை நிச்சயம் என்றோ குரல் கேட்கிறது என்றோ பதில் வந்தால், அவருக்குக் கவுன்சலிங் தேதி எழுதிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பக் கூடாது. அன்றைக்கே, துணைக்கு ஆள் வைத்து, மனநல மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். மருத்துவர் இல்லாத வேளையில் 14416 என்ற டெலி மனஸ் எண் எந்நேரமும் எடுக்கும், தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம்.